கேஷுவாலிட்டியில் வரிசை எப்படி நகர்கிறது?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தேங்காய் உடைக்கப் போய் அரிவாள் நழுவி, இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் போய் உட்கார்ந்தபோது மணி ஒன்பது இருக்கும். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். சட்டையெல்லாம் ரத்தம், பார்த்தவர்கள் எல்லாம் "ஐயோ" என்றார்கள். நர்ஸ் வந்து துண்டை அவிழ்த்துப் பார்த்தார், விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், நுனியைத் தொட்டு "உணர்ச்சி இருக்கா?" என்றார், புதுத் துணி வைத்து அழுத்திக் கட்டிவிட்டு, "கையைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காருங்க" என்று சொல்லிப் போய்விட்டார். பத்து மணி ஆச்சு, பத்தரை ஆச்சு. அப்போது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தானே நடந்து வந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "கேஸ் ட்ரபுள் மாதிரி இருக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான், இரண்டே நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "தெரிஞ்சவர் போல" என்று பக்கத்திலிருந்த அம்மாவிடம் முணுமுணுத்தேன். "ஆமா தம்பி, ஆள் இருந்தாத்தான் இங்க" என்றார் அவரும்.

இரண்டு பேரும் சொன்னது தப்பு. அவரை உள்ளே அனுப்பியது சிபாரிசு இல்லை, வியர்வை. ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, முகம் வெளுத்துச் சாம்பல் நிறத்தில் இருந்தது. இதையெல்லாம் நானும் பார்த்தேன்தான், ஆனால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. நர்ஸுக்குத் தெரிந்திருந்தது. இப்படி வந்தவுடனே ஆளைப் பார்த்து, யார் உடனே, யார் கொஞ்சம் பொறுக்கலாம் என்று பிரிப்பதற்குத்தான் ட்ரையாஜ் என்று பெயர்.

வட சென்னையில் இருக்கும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது, 1938இல்தான் முழு மருத்துவக் கல்லூரி ஆனது. கஞ்சி வரிசையில் நியாயம் சுலபம். முதலில் வந்தவருக்கு முதல் அகப்பை. ரேஷன் கடை, பால் பூத், தியேட்டர் கவுன்டர் என்று நாம் வாழ்க்கை முழுக்கப் பழகியது இந்த நியாயம்தான். அதே கணக்கோடு கேஷுவாலிட்டிக்குள் நுழைவதால்தான் பாதிக் கோபம் வருகிறது. அங்கே நம் இடத்தை முடிவு செய்வது வந்த நேரம் இல்லை, இன்னும் எவ்வளவு நேரம் இவர் தாங்குவார் என்ற கணிப்பு.

ட்ரையாஜ் பிரெஞ்சு வார்த்தை. பொறுக்கிப் பிரிப்பது என்று பொருள், காசிமேட்டில் கூடை இறங்கியதும் மீனை வகை வகையாகப் பிரிப்பார்களே, அந்த வேலை மாதிரி. நெப்போலியனின் படையில் இருந்த டொமினிக் ழான் லாரே என்ற அறுவை மருத்துவர், தளபதியா சாதாரணச் சிப்பாயா என்று பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து முதலில் யாரைத் தூக்குவது என்று முடிவு செய்ததிலிருந்து இதன் கதையைத் தொடங்குவார்கள். இன்றைக்கு ஊருக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. இங்கிலாந்தில் உருவான மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறங்கள். சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிஷத்துக்குள், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. இது டாக்டர் முதன்முதலில் பார்ப்பதற்கான உச்ச நேரம் மட்டும்தான், சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் வரும் அரசு ஆஸ்பத்திரிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். உள்ளே போனால் அந்தந்த நிறத்துக்குத் தனித்தனிப் பகுதி இருப்பதைப் பார்க்கலாம்.

பிரிப்பவர் என்ன பார்க்கிறார்? மூச்சுப் பாதை அடைபடாமல் இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, இந்த வரிசையில்தான். அப்புறம் நினைவு. தானே விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, வலி கொடுத்தால்தான் அசைகிறாரா, எதற்குமே அசைவில்லையா. கூடவே நாடித்துடிப்பு, பி.பி., விரலில் மாட்டும் அந்தக் கிளிப்பில் ஆக்ஸிஜன் அளவு, காய்ச்சல், சர்க்கரை. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷ வேலை. என் விரலை மடக்கி நீட்டச் சொன்னது சும்மா இல்லை, தசைநாரும் நரம்பும் அறுபட்டிருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறார். இரண்டும் சரியாக இருந்து ரத்தமும் நின்றுவிட்டதால், இந்த ஆள் இரண்டு மணி நேரம் உட்காரலாம் என்று முடிவு. அப்படிப்பட்ட காயத்தைச் சில மணி நேரம் கழித்துத் தைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் நெஞ்சு வலி என்று சந்தேகம் வந்தால் வாசலில் நுழைந்த 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு.

சத்தமும் ரத்தமும் நம்மை ஏமாற்றும். அலறுகிறவருக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று ஒரு அர்த்தம் உண்டு, வலி நிஜம் என்றாலும். பயப்பட வேண்டியது சத்தம் அடங்கிப் போனவரைப் பார்த்துத்தான். ஆஸ்துமா வந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலைப் புகைக்கு நடுவே மணலி பக்கம் இருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, இழுப்புச் சத்தம் வீட்டு வாசல் வரை கேட்கும். அந்தச் சத்தம் திடீரென்று நின்று, குழந்தை சோர்ந்து சாய்ந்தால், சரியாகிவிட்டது என்று நினைப்போம். காற்றே உள்ளே போகாததால் சத்தம் வராமல் போயிருக்கலாம். அதே மாதிரிதான் சர்க்கரை நோய் உள்ளவர்களின் மாரடைப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதெல்லாம் நடக்காமலே வரும், வெறும் வியர்வை, மூச்சு வாங்குதல், தாடை வலி, வயிறு உப்புசம். கேஸ் என்று சொல்லி சோடா குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பார்ப்பது நம் ஊர் வழக்கம். அந்த ஒரு மணி நேரம் எந்தக் காத்திருப்புக் கணக்கிலும் வராது.

சரி, வாசலில் பிரித்தாகிவிட்டது. அப்புறமும் ஏன் இவ்வளவு நேரம்? டாக்டர் பார்த்த பிறகும் ஸ்ட்ரெச்சரிலேயே நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று கிடக்கிறவர்கள் இருக்கிறார்களே? இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில், சும்மா சளி, காய்ச்சலுக்கெல்லாம் கேஷுவாலிட்டிக்கு வந்து கூட்டம் போடுகிறார்கள் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சளிக்காரர் ஸ்ட்ரெச்சரைப் பிடிப்பதில்லை, ஐந்து நிமிஷத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பெரிய ஆஸ்பத்திரிகளில் அடைப்பு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வால் நீண்டு நிற்பதைப் பார்க்காதவர் வட சென்னையில் யார்? துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் பேப்பர் பார்ப்பவர் மெதுவாகப் பார்க்கிறார் என்று திட்டுவோம். ஆனால் உள்ளே பெட்டியை இறக்க இடமில்லை என்றால், கேட்டில் பத்து ஆளைக் கூடுதலாகப் போட்டாலும் ஒரு லாரிகூட நகராது, வால் திருவொற்றியூர் தாண்டி நீளும். கேஷுவாலிட்டியும் அப்படித்தான். அட்மிஷன் என்று முடிவான நோயாளிக்கு மேலே வார்டிலோ ஐ.சி.யு.விலோ பெட் காலியாக வேண்டும். மேலே காலியாவது எப்போது? காலை ரவுண்ட்ஸ் முடிந்து, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி, மாத்திரை வாங்கி, வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிப்போக மதியம் தாண்டிவிடும். அதுவரை கீழே ஸ்ட்ரெச்சர் பிடிபட்டுக் கிடக்கும், அந்த ஸ்ட்ரெச்சருக்காக இன்னொருவர் பெஞ்சில், அந்த பெஞ்சுக்காக ஒருவர் வாசலில். மூன்றாவது மாடியில் தாமதமான ஒரு டிஸ்சார்ஜுக்குத் தரைத்தளத்தில் நாம் டூட்டி டாக்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கே இருக்கிறது, ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்தது. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்றால், மணிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். மணிக்கு 10 பேர் வந்து, ஆளுக்கு 4 மணி நேரம் தங்கினால், உள்ளே 40 பேர். பெட் கிடைக்காமல் தங்கும் நேரம் 6 மணி ஆனால் 60 பேர். வெளியிலிருந்து ஒரு ஆள் கூடுதலாக வரவில்லை, ஆனால் கூட்டம் ஒன்றரை மடங்கு. டாக்டர், நர்ஸ் எண்ணிக்கையோ அதேதான்.

இங்கிலாந்தில் இதைச் சட்டாம்பிள்ளைத்தனமாகத் தீர்க்கப் பார்த்தார்கள். வந்தவரில் 98 சதவீதம் பேர் 4 மணி நேரத்துக்குள் அட்மிட் ஆகியோ வீட்டுக்கோ போயிருக்க வேண்டும் என்று 2004இல் இலக்கு வைத்தார்கள், பிறகு அதை 95 ஆகக் குறைத்தார்கள். காத்திருப்பு நிஜமாகவே குறைந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது, நாலு மணி நேரம் முடிய சில நிமிஷம் இருக்கும்போது திடீரென்று நிறைய பேருக்கு அட்மிஷன் போட ஆரம்பித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்தால் எங்கேயும் இப்படித்தான். ஆனாலும் நம் ஊரில் அந்த நேரத்தை அளந்து, வாசலில் ஒரு போர்டில் எழுதி வைத்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு வகைக் காத்திருப்பு உண்டு, அதுதான் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது. சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்கள், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று நாம் புலம்பும் நேரத்தில் சிகிச்சையே நடந்துகொண்டிருக்கும். பாம்புக்கடி என்று வந்தால், உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்த்து, உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் வகை விஷம் வேலை செய்கிறது என்று விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். உறைந்திருந்தால் அதோடு விடுவதில்லை, திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், கூடவே இமை கீழே இறங்குகிறதா என்றும் பார்ப்பார்கள், கட்டுவிரியன், நல்லபாம்பு விஷத்துக்காக. அந்த 20 நிமிஷத்தை யாராலும் 10 ஆக்க முடியாது. தலையில் அடிபட்டவரையும் இப்படித்தான் மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். விழுந்து எழுந்து நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், மண்டைக்குள் மெதுவாக ரத்தம் சேர்ந்து சில மணி நேரம் கழித்து நினைவு தப்பும். நெஞ்சு வலிக்காரருக்கு முதல் ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தும் சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள், காசு பிடுங்க என்று நினைக்க வேண்டாம். இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் டிராபோனின் என்ற புரதம் ஏறுவதற்கே நேரம் ஆகும். வயிற்று வலிக்காரரைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் வைப்பது ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதற்காக, வயிறு நிறைய இருந்தால் மயக்கம் கொடுப்பது ஆபத்து.

பிரச்சினை என்னவென்றால், இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு என் கோபத்தில் பாதி நியாயம், இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூட வந்து "உங்களுக்கு இன்னும் நேரம் ஆகும், காரணம் இது" என்று சொல்லவில்லை. காரணம் தெரிந்த இரண்டு மணி நேரமும் தெரியாத இரண்டு மணி நேரமும் ஒன்றில்லை. கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டால்கூட ரயில் வருகிறது என்று தெரிவதால்தானே வண்டியை ஆஃப் பண்ணிவிட்டுச் சும்மா நிற்கிறோம். ஒரு நர்ஸ் முப்பது பேரைப் பார்க்கும் இடத்தில் இதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான், அதனால் நாமே கேட்டுக்கொள்வது நல்லது. "எப்ப பாப்பீங்க?" என்று கேட்டால் "உக்காருங்க" என்றுதான் பதில் வரும். "ரிப்போர்ட்டுக்கு வெய்ட் பண்றோமா, டாக்டருக்கா, பெட்டுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

அதைவிட முக்கியம், பச்சை என்று உட்காரவைத்த ஆள் ராத்திரி முழுக்கப் பச்சையாகவே இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வலி கூடினால், வாந்தி எடுத்தால், மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், திடீரென்று தூங்கி வழிந்தால், நம் முறை வரட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்காமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள். "ரொம்ப நேரம் ஆச்சு சிஸ்டர்" என்று போனால் வேலைக்கு ஆகாது. "வந்தப்ப நடந்தாரு, இப்ப நிக்க முடியல" என்று எது மாறியது என்பதைச் சொன்னால் மறுபடி பார்ப்பார்கள், பார்க்க வேண்டும்.

முதலில் பேசும்போதும் அப்படித்தான். மூன்று வருஷமாக இருக்கும் மூட்டு வலியிலிருந்து கதையை ஆரம்பிக்காமல், இப்போது என்ன, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இவ்வளவுதான். மாத்திரை பெயர் தெரியாவிட்டால் அட்டையோடு அள்ளிக்கொண்டு வாருங்கள். வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டால், கடைசியாக அவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்பதை யோசித்து வையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், தூங்கி எழும்போது அப்படி இருந்தார் என்றால் கணக்கு தூங்கப் போன நேரத்திலிருந்து. மெஷினில் விரல் துண்டாகிவிட்டால், ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன தனிப் பிரிவே இருக்கிறது, துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸுக்குள் நேராகப் போட்டால் சதை கெட்டுவிடும்.

2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸில் வந்தால் முதலில் பார்ப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உள்ளே வந்ததும் எல்லோருக்கும் அதே ட்ரையாஜ்தான். ஆனால் ஆக்ஸிஜனும் பி.பி. பார்க்க ஆளும் வழியிலேயே உண்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலை நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், ஷேர் ஆட்டோவில் இந்த இரண்டும் கிடையாது.

எல்லாக் கணக்கும் தலைகீழாகும் ஒரு சமயமும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக ஊரே எழுந்து ஓடியது. இப்படி ஒரே நேரத்தில் நிறைய பேர் பாதிக்கப்பட்டால், "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்பதுதான் பிரிப்பவரின் முதல் வார்த்தை. வந்தவர்கள் எல்லாம் பச்சை. மிச்சம் கிடப்பவர்களில் மூச்சு, நாடி, சொன்னதைச் செய்கிறாரா என்று சில நொடிகளில் பார்த்து அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவார்கள். மற்ற நாளில் ஒருவரைக் காப்பாற்ற முழு டீமும் நிற்கும், அன்றைக்குப் பிழைக்க வாய்ப்பே இல்லாதவரைக் கடந்து போக வேண்டியிருக்கும். அதற்குக் கறுப்பு என்று ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் என்றால் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போடுவார்கள், போலீஸுக்குத் தகவல் போகும். அது முடிந்தால்தான் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, அரசோ தனியாரோ, என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் தன் பெயர், விலாசம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 2020இல் வந்த விதிகளில் அது இருக்கிறது. சாலை விபத்துக்கு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில்கூட முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

எனக்கு அன்றைக்குப் பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். ஆறு தையல், ஒரு டி.டி. ஊசி, எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். போகும்போது அந்த நர்ஸிடம், அந்தக் கேஸ் ட்ரபுள் ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "ஐ.சி.யு.ல பெட்டுக்கு வெய்ட்டிங்" என்றார். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க ஓ.பி.க்கு வரச் சொன்னார்கள். ஓ.பி.யில் டோக்கன் உண்டு, வந்த வரிசைதான். காலை ஆறரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன், அப்பவும் என் நம்பர் நாற்பத்தி மூன்று.